திறமை இருந்தும் ஏன் வெளியேறுகிறார்கள்? தொழில்நுட்பத் துறையின் பகைமையான பணிச்சூழல் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஐ.டி. துறை நியாயமான துறை என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. கணினிக்கு ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது. நிரல் சரியாக இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் பிழை காட்டும். அந்த அளவில் உண்மைதான். ஆனால் எந்த நிரலை யாரிடம் எழுதக் கொடுப்பது, எழுதியதை யார் சரிபார்ப்பது, ஆண்டு முடிவில் யாருக்கு என்ன ரேட்டிங், அடுத்த ப்ரொமோஷன் யாருக்கு என்பதையெல்லாம் கணினி முடிவு செய்வதில்லை. மேனேஜர்கள், டீம் லீடுகள், ஹெச்.ஆர். (மனிதவளத் துறை) என்று மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். பாகுபாடு நுழைவது அங்கேதான்.

இந்தப் பேச்சில் மூன்று விஷயங்கள் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

ஒருவருடைய திறமையையும் விருப்பத்தையும் அவருடைய பாலினத்தை வைத்தே முன்கூட்டித் தீர்மானிப்பது பாலினப் பாகுபாடு. இதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. "அவங்களுக்கு இப்பதான் குழந்தை பிறந்திருக்கு, இந்த ப்ராஜெக்ட்ல போட்டுக் கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று அக்கறையோடு சொல்லும் மேனேஜரும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகிறார். விரும்பாத பாலியல் பேச்சு, பார்வை, குறுஞ்செய்தி, தொடுதல், "ஒத்துப்போனால் நல்லது நடக்கும்" என்ற பேரம் ஆகியவை பாலியல் தொல்லை. மூன்றாவது பகைமையான பணிச்சூழல். ஒருவரின் பாலினம் காரணமாக அவமதிப்பும் ஒதுக்குதலும் தொல்லையும் அவருடைய அன்றாட வேலையோடு கலந்துபோய், வேலை செய்வதே கடினமாகிவிடும் நிலை அது.

மூன்றாவதைச் சட்டம் ஏற்றுக்கொள்ளக் காலம் பிடித்தது. பதவி போனது, சம்பளம் குறைந்தது என்று கணக்குக் காட்டினால்தான் வழக்கு நிற்கும் என்று முன்பு வாதிட்டார்கள். ஒரு வங்கி ஊழியர் தொடுத்த வழக்கில் 1986-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. பண இழப்பு இல்லாவிட்டாலும், தொல்லை கடுமையாகவோ பரவலாகவோ இருந்து பணிச்சூழலையே கெடுத்தால் அதுவும் பாகுபாடுதான் என்றது. 'பரவலாக' என்பதைக் கவனியுங்கள். தனியாக எடுத்துப் பார்த்தால் "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்கத் தோன்றும் பல நிகழ்வுகள் சேர்ந்தும் ஒரு பகைமையான சூழலாகலாம்.

எல்லோரையும் ஒரேபோல் விரட்டி வேலை வாங்கும் மேனேஜர் மோசமான மேனேஜராக இருக்கலாம். ஆனால் அவரிடம் வேலை பார்ப்பதே நாம் பேசும் பகைமைச் சூழல் ஆகிவிடாது. ஒருவர் பெண் என்பதாலோ, மாற்றுப் பாலினத்தவர் என்பதாலோ, ஆண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்குள் அடங்காதவர் என்பதாலோ குறிவைக்கப்படுகிறாரா என்பதே கேள்வி.

ஒரு நிறுவனம், ஓராண்டு

இந்தச் சூழல் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள சூசன் ஃபவுலர் என்ற மென்பொருள் பொறியாளர் எழுதியதைவிடத் தெளிவான ஆவணத்தை நான் பார்த்ததில்லை. ஊபர் நிறுவனத்தில் தான் வேலை பார்த்த ஓராண்டைப் பற்றி 2017 பிப்ரவரி 19 அன்று அவர் பொதுவெளியில் எழுதினார்.

பயிற்சி முடிந்து டீமில் சேர்ந்த முதல் நாளிலேயே, நிறுவனத்தின் சாட்டில் மேனேஜரிடமிருந்து அவருக்குப் பாலியல் நோக்கம் வெளிப்படையாகத் தெரியும் செய்திகள் வந்தன. அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஹெச்.ஆரிடம் கொடுத்தார். இது பாலியல் தொல்லைதான் என்று ஹெச்.ஆரும் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த மேனேஜருக்கு இது முதல் தவறு, அவர் மிக நன்றாக வேலை செய்பவர், ஆகவே கண்டிப்பதற்கு மேல் எதுவும் செய்ய விரும்பவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஃபவுலர் முன் இரண்டு வழிகளை வைத்தார்கள். வேறு டீமுக்குப் போகலாம். அல்லது அதே டீமில் இருக்கலாம். இருந்தால் அந்த மேனேஜர் மோசமான ரேட்டிங் போடக்கூடும், மாறிப்போகும் வாய்ப்பைக் கொடுத்துவிட்டதால் அதைப் பழிவாங்கலாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. பின்னாளில் மற்றப் பெண் பொறியாளர்களிடம் பேசியபோதுதான், அதே மேனேஜர் மீது அவர்களும் புகார் கொடுத்திருந்தது அவருக்குத் தெரியவந்தது. 'முதல் தவறு' என்ற அதே பதில் அவர்களுக்கும் கிடைத்திருந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மேனேஜர் செய்தது தனிமனிதத் தவறு. அப்படிப்பட்டவர்கள் எந்தத் துறையிலும் இருப்பார்கள். அதன் பிறகு நடந்ததுதான் பணிச்சூழல். தவறு செய்தவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். புகார் கொடுத்தவர் தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையை விட்டு டீம் மாறுகிறார், புதிதாகக் கற்கிறார், புதியவர்களிடம் தன்னை நிரூபிக்கிறார். நடந்ததன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், ஒரு நிறுவனத்தின் பண்பாடு தெரிந்துவிடும். கொள்கைக் கையேட்டில் எத்தனை பக்கங்கள் எழுதியிருந்தாலும், சுற்றியிருப்பவர்கள் பாடம் கற்பது இந்த விளைவிலிருந்துதான்.

அவர் எழுதியதில் இன்னொரு சம்பவம், மேலோட்டமாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். அவருடைய பிரிவில் எல்லோருக்கும் தோல் ஜாக்கெட் தருவதாகச் சொல்லி அளவெடுத்தார்கள். பிறகு, பெண்கள் 6 பேர்தான் இருக்கிறார்கள், அவ்வளவு குறைவாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்காது, ஆகவே ஆண்களுக்கு மட்டும் ஜாக்கெட் என்று மின்னஞ்சல் வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, சமத்துவம் வேண்டுமென்றால் ஜாக்கெட் கிடைக்காததும் சமத்துவம்தான் என்று புரிந்துகொள்ள வேண்டும் என இயக்குநர் பதில் எழுதினார். ஆறு பேருக்கு ஜாக்கெட் வாங்க அந்த நிறுவனத்திடம் பணமில்லாமல் போய்விடவில்லை. அந்த ஆறு பேரை இந்த இடத்துக்கு உரியவர்களாக யாரும் நினைக்கவில்லை, அதை அவர்களிடமே எழுத்தில் சொல்லவும் யாரும் தயங்கவில்லை.

ஃபவுலர் சேர்ந்தபோது அவருடைய பிரிவில் பெண்கள் 25 விழுக்காட்டுக்கு மேல் இருந்தார்கள். அவர் விலகும் நாளில் 150-க்கும் அதிகமான பொறியாளர்களில் 3 விழுக்காடுதான்.

அவர் எழுதிய பிறகு நிறுவனம் முன்னாள் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டரை விசாரிக்கச் சொன்னது. தனியாக நடந்த இன்னொரு விசாரணையில் 215 புகார்கள் பரிசீலிக்கப்பட்டு 20 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2017 ஜூன் மாதம் தலைமை நிர்வாகி டிராவிஸ் கலானிக் பதவி விலகினார். அந்த 215 புகார்களும் ஒரே இரவில் முளைத்தவையாக இருக்க முடியாது. அதுவரை அவை எங்கே இருந்தன?

சிறிய விஷயங்கள் என்று சொல்லப்படுபவை

எல்லா அலுவலகமும் அப்படி இருப்பதில்லை. பெரும்பாலான பெண்கள் சந்திப்பது இதைவிட மெல்லிய, சுட்டிக்காட்டவே கடினமான ஒன்று. மீட்டிங்கில் ஒரு பெண் யோசனை சொல்கிறார், யாரும் கவனிக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து அதையே ஓர் ஆண் சொல்கிறார், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வாடிக்கையாளர் கேள்வியைச் சீனியர் பெண் பொறியாளரிடம் கேட்காமல், பக்கத்தில் இருக்கும் ஜூனியர் பையனைப் பார்த்துக் கேட்கிறார். "நீங்க டெஸ்டிங் டீமா?" என்று நிரல் எழுதும் டெவலப்பரிடம் கேட்கிறார்கள். கோட் ரிவ்யூவில், அதாவது எழுதிய நிரலைச் சக பொறியாளர்கள் சரிபார்க்கும்போது, அவர் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்கிறார்கள், மற்றவர்களுடையது பார்த்தவுடன் அப்ரூவ் ஆகிறது.

"இதெல்லாம் கற்பனை, எல்லோருக்கும்தான் நடக்கிறது" என்ற பதில் உடனே வரும். தனி அனுபவத்தை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஆய்வுகள்.

2012-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் ஆய்வக மேலாளர் பணிக்கான ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். விண்ணப்பம் ஒன்றேதான். பாதிப் பேரிடம் போனதில் ஜான் என்ற பெயர், மீதிப் பேரிடம் போனதில் ஜெனிஃபர். ஜானையே அதிகத் திறமைசாலி என்றார்கள். அவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 30,238 டாலர் கொடுக்கலாம் என்றார்கள். ஜெனிஃபருக்கு 26,508 டாலர். பெண் பேராசிரியர்களும் இதே வேறுபாட்டைக் காட்டினார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாகுபாடு என்பது ஆண்கள் பெண்களுக்குச் செய்வது என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். நாம் எல்லோரும் ஒரே காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர்கள்.

கணினித் துறைக்கு இன்னும் நெருக்கமான சான்று, நிரலாளர்கள் தங்கள் நிரலைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்திலிருந்து வருகிறது. திறமூலத் திட்டங்களுக்கு (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திட்டங்கள்) அனுப்பப்பட்ட புல் ரிக்வெஸ்ட்களை, அதாவது 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கைகளை, ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், பெண்கள் அனுப்பியவற்றில் சுமார் 79 விழுக்காடும் ஆண்கள் அனுப்பியவற்றில் சுமார் 75 விழுக்காடும் ஏற்கப்பட்டிருந்தன. அதாவது, மொத்தத்தில் பெண்களின் நிரலுக்கு வரவேற்பு அதிகம். ஆனால் அந்தத் திட்டத்துக்குப் புதியவர்களை மட்டும் எடுத்து, பெயரிலோ படத்திலோ பாலினம் தெரிகிறவர்களைப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது. அடையாளம் தெரிந்தால் ஆண்களுக்கும் ஏற்பு கொஞ்சம் குறைகிறது. பெண்களுக்குக் கூடுதலாகக் குறைந்து ஆண்களுக்குக் கீழே போய்விடுகிறது.

அப்ரைசல் இன்னொரு களம். கீரன் ஸ்னைடர் என்பவர் 2014-இல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணிபுரிபவர்கள் தாமாக முன்வந்து கொடுத்த 248 பணி மதிப்பீடுகளைப் படித்தார். எண்ணிக்கை சிறியது, விருப்பப்பட்டவர்கள் மட்டும் கொடுத்தது, ஆகவே முழுத் துறைக்குமான கணக்காக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் பலரும் தங்கள் அனுபவத்தை அதில் கண்டார்கள். பெண்களின் மதிப்பீடுகளில் பெரும்பாலானவற்றில் அவர்களுடைய குணத்தைப் பற்றிய குறை இருந்தது: கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும், முரட்டுத்தனமாகப் பேசுகிறார், மற்றவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும். ஆண்களுக்குச் சொல்லப்பட்ட குறைகள் பெரும்பாலும் வேலையைப் பற்றியவை: இன்னதைக் கற்றுக்கொள்ளுங்கள், இன்னதை மேம்படுத்துங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தயங்கிப் பேசினால் "தலைமைப் பண்பு போதாது". உறுதியாகப் பேசினால் "டீமோடு ஒத்துப்போவதில்லை". இரண்டுக்கும் நடுவே மிகக் குறுகிய ஒரு பாதை இருக்கிறது. அதில் தவறாமல் நடப்பதற்கே ஒரு பெண்ணின் உழைப்பில் பாதி போய்விடுகிறது. வேலைப் பட்டியலில் எங்கும் இல்லாத உழைப்பு அது.

பட்டியலில் இல்லாத உழைப்பு வேறு வகையிலும் உண்டு. மீட்டிங் மினிட்ஸ் எழுதுவது, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, பிரிவுபசார விழா ஏற்பாடு, கல்லூரிகளுக்குப் போய்ப் பேசுவது. தேவையான வேலைகள்தாம், ஆனால் யாருக்கும் இவற்றால் ப்ரொமோஷன் கிடைப்பதில்லை. லிண்டா பாப்காக்கும் அவருடைய குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட வேலைக்கு முன்வருபவர்களில் பெண்கள் அதிகம் என்றும், யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் பெண்களிடமே அதிகம் கேட்கிறார்கள் என்றும் கண்டார்கள். ஆனால் குழுவில் ஆண்கள் மட்டும் இருந்தபோது அந்த வேலைக்கு ஆண்கள் தாராளமாக முன்வந்தார்கள். பெண்களுக்கு இது இயல்பாக வருகிறது என்ற விளக்கம் அந்த ஒரு முடிவிலேயே விழுந்துவிடுகிறது. பெண் ஒருவர் இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தத் துறைக்கு ஏன் இப்படி ஆயிற்று?

தொடக்கத்தில் இப்படி இல்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. 1946-இல் அமெரிக்காவில் எனியாக் கணினி உலகத்துக்குக் காட்டப்பட்டபோது, அதற்கு நிரலமைத்தவர்கள் ஆறு பெண்கள். கே மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். வன்பொருளைக் கட்டுவது ஆண்களின் பெரிய வேலை, நிரலமைப்பது அதற்குப் பின்னால் வரும் எழுத்தர் வேலை என்று அப்போது நினைத்ததால் பெண்களிடம் விட்டிருந்தார்கள். நிரலமைப்பில்தான் சவாலும் பணமும் மதிப்பும் இருக்கின்றன என்று தெரிந்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது.

1960-களில் இரண்டு உளவியலாளர்கள், நல்ல நிரலாளரின் குணம் என்ன என்று கண்டுபிடிக்க அன்று வேலையிலிருந்த நிரலாளர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். புதிர்களில் ஈடுபாடு, மனிதர்களோடு பழகுவதில் விருப்பமின்மை என்ற இரண்டு குணங்களை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். நிறுவனங்களும் அதே குணங்களைத் தேடி ஆள் எடுத்தன. அப்படி எடுக்கப்பட்டவர்களைப் பார்த்து, கணினிக்காரர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று உலகம் முடிவு கட்டியது.

1980-களில் வீட்டுக் கணினி வந்தது. விளம்பரங்களில் அது பையன்களின் விளையாட்டுப் பொருள். அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் 1984-இல் சுமார் 37 விழுக்காடு பெண்கள். அதுதான் உச்சம். அதன்பின் சரிந்து 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறக்குறைய 18 விழுக்காட்டுக்கு வந்தது. அதே காலத்தில் மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்களின் பங்கு ஏறிக்கொண்டிருந்தது.

பிரிட்டனில் ஸ்டெஃபனி ஷர்லியின் கதை வேறுவிதமானது. 1962-இல், வீட்டிலிருந்தே நிரல் எழுதும் பெண்களை வைத்து அவர் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். வணிகம் கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராதபோது 'ஸ்டீவ்' என்று கையெழுத்திடத் தொடங்கினார், பதில்கள் வந்தன. குழந்தை பிறந்ததும் வேலையை விட வேண்டியிருந்த பொறியாளர்களை அவர் தேடித்தேடிச் சேர்த்தார். கன்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் அவர்களுடைய வேலை.

பெண் மூளைக்குக் கணினி ஒத்துவராது என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. மலேசியப் பல்கலைக்கழகங்களில் கணினி அறிவியல் படிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். இந்திய ஐ.டி. துறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். மூளை நாட்டுக்கு நாடு மாறாது. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம், கணினிப் படிப்பில் சேர முன்பே நிரல் எழுதிப் பழகியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தளர்த்தி, தொடக்கப் பாடங்களையும் மாற்றியது. அங்கே புதிதாகச் சேரும் மாணவர்களில் 1995-இல் 7 விழுக்காடாக இருந்த பெண்கள் 2000-இல் 42 விழுக்காடானார்கள். ஐந்தே ஆண்டுகள்.

ஆனால் கல்லூரி வாசலைத் திறந்தால் மட்டும் போதாது. சேரும்போது கணிசமாக இருக்கும் பெண்கள், மேனேஜர், இயக்குநர், துணைத் தலைவர் என்று மேலே போகப் போகக் குறைவது பல நாடுகளில் காணப்படுகிறது. நள்ளிரவில் மென்பொருள் ரிலீஸ், வார இறுதியில் அழைத்தால் உடனே வர வேண்டிய ஆன்-கால் என்று எப்போதும் கிடைக்கும் ஆளே நல்ல ஊழியர் என்ற எழுதப்படாத விதி இதற்கு ஒரு பெரிய காரணம். வீட்டில் குழந்தையையும் முதியோரையும் வேறொருவர் கவனித்துக்கொண்டால் மட்டுமே ஒருவர் அப்படிக் கிடைக்க முடியும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், மற்ற எல்லாம் சமமாக இருந்த விண்ணப்பங்களில் தாய் என்று தெரிந்தவர்களுக்குக் குறைந்த சம்பளம் பரிந்துரைக்கப்பட்டது. தந்தை என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தண்டனை இல்லை.

"எங்களிடம் திறமைக்கு மட்டும்தான் மரியாதை" என்று உரக்கச் சொல்லும் நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எமிலியோ காஸ்டியா, ஸ்டீஃபன் பெனார்ட் இருவரும் 2010-இல் வெளியிட்ட சோதனைகளில், திறமையே எங்கள் அளவுகோல் என்று வலியுறுத்தப்பட்ட நிறுவனத்தின் மேலாளராகத் தங்களைக் கருதிக்கொண்டவர்கள், சமமான ஆணுக்கும் பெண்ணுக்கும் போனஸ் பிரித்தபோது ஆணுக்கு அதிகம் கொடுத்தார்கள். அதை வலியுறுத்தாதபோது அந்தச் சாய்வு காணப்படவில்லை. தான் நடுநிலையானவர் என்று உறுதியாக நம்புகிறவர் தன் முடிவை மறுபடி சரிபார்ப்பதில்லை. இந்தத் துறையில் நாம் கொண்டாடும் நம்பிக்கையே நம் கண்ணை மறைக்கக்கூடும் என்பது எனக்கு மிகவும் கவலை தருவது.

புகார் கொடுத்தால் என்ன ஆகும்?

ஹெச்.ஆர். துறை ஊழியர்களுக்காக இருக்கிறது என்று புதிதாகச் சேர்பவர்கள் நினைப்பார்கள். நல்லவர்கள் அங்கே நிறைய உண்டு. ஆனால் அந்தத் துறைக்குச் சம்பளம் கொடுப்பது நிறுவனம்; அதன் கடமை நிறுவனத்துக்கு வரும் ஆபத்தைக் குறைப்பது. புகார் கொடுப்பவரைக் காப்பதும் நிறுவனத்தைக் காப்பதும் ஒன்றாக இருக்கும்வரை சிக்கலில்லை. குற்றம்சாட்டப்பட்டவர் பெரும் லாபம் ஈட்டித் தருபவராக இருக்கும்போதுதான் இரண்டும் பிரிகின்றன.

அமைதியாக்கும் ஒப்பந்தங்களும் இதில் சேரும். வேலையில் சேரும்போதே, தகராறு வந்தால் நீதிமன்றம் போக மாட்டேன், தனியார் நடுவரிடம் மட்டுமே போவேன் என்று அமெரிக்க நிறுவனங்கள் பல கையெழுத்து வாங்கின. விலகும்போது, நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று இன்னொரு கையெழுத்து. ஒரே நபர்மீது ஐந்து பேர் புகார் கொடுத்திருந்தாலும், ஒருவருக்கொருவர் தெரியாமலே போவார்கள்.

பாலியல் அத்துமீறல் புகார் நம்பத்தக்கது என்று நிறுவனமே கண்டறிந்த பிறகும், ஆண்ட்ராய்டை உருவாக்கிய ஆண்டி ரூபினுக்கு கூகுள் 9 கோடி டாலர் கொடுத்து அனுப்பியதாக 2018 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். நவம்பர் 1 அன்று உலகெங்கும் சுமார் 20,000 கூகுள் ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். பெண்களும் ஆண்களும். கட்டாய நடுவர் முறையை ஒழிப்பது அவர்களுடைய கோரிக்கைகளில் முதன்மையானது. அடுத்த ஆண்டே கூகுள் தன் ஊழியர்களுக்கு அதைக் கைவிட்டது. 2022 மார்ச்சில், பாலியல் தொல்லை வழக்குகளில் கட்டாய நடுவர் முறை செல்லாது என்று அமெரிக்காவில் சட்டமே வந்தது. கேட்டால் எதுவும் மாறாது என்பவர்களிடம் சொல்ல வேண்டிய நிகழ்வு இது.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். 2019-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 190-ஆம் ஒப்பந்தம், வன்முறையும் தொல்லையும் இல்லாத பணியிடத்தை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகவும், ஓர் உறுப்பினர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதங்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், தொல்லை நடந்த பிறகு விசாரிப்பது மட்டுமன்றி, நடக்காமல் தடுக்க முயல்வதும் முதலாளியின் கடமை.

"பொய்ப் புகார் கொடுத்தால்?" என்ற கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. விசாரணை இரு தரப்பையும் கேட்டே நடக்க வேண்டும், ஊகத்தின் பேரில் யாரையும் தண்டிக்கக் கூடாது. ஆனால் நிரூபிக்க முடியாத புகாரும் பொய்ப் புகாரும் ஒன்றல்ல. இந்தியச் சட்டமும் இதைத் தெளிவாகவே பிரிக்கிறது. மூடிய அறையில் நடந்ததற்குச் சாட்சி இருப்பது அரிது.

பயன்படுத்துபவர்களையும் இது பாதிக்கிறது

நிரல் எழுதும் அறையில் யார் இல்லையோ, அவர்கள் நிரலிலும் மறக்கப்படுகிறார்கள். விண்ணப்பங்களை வரிசைப்படுத்த அமேசான் ஒரு மென்பொருளைச் சோதித்துப் பார்த்தது. பழைய பத்து ஆண்டு விண்ணப்பங்களிலிருந்து அது கற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பெண்கள் கல்லூரி, பெண்கள் அணி என்பதைக் குறிக்கும் சொல்லைக் கண்டாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. நிறுவனம் அதைக் கைவிட்டது. 2018-இல் செய்தி வெளியானது. அதே ஆண்டு ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு; கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை. நிறம், இனம், சாதி, பாலினம் ஒன்றோடொன்று சேரும்போது பாதிப்பு கூடுகிறது என்பதற்கும் இது சான்று.

நாம் என்ன செய்யலாம்

உங்களுக்கே நடந்தால், அன்றே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தைகள், உடன் இருந்தவர்கள். அலுவலக லேப்டாப்பில் வைக்காதீர்கள். வேலையை விடும் நாளில் அது உங்கள் கையில் இருக்காது. நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவதும் ஆபத்து, அதையே உங்கள் மீது குற்றமாக்கிவிடலாம். புகாரை வாய்மொழியாகச் சொன்னால், "இன்று நாம் பேசியது இது" என்று அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். புகார் கொடுக்காமல் வேறு வேலை தேடிப் போவதும் ஒரு முடிவுதான். அதற்காக யாரும் உங்களைக் கோழை என்று சொல்ல உரிமையில்லை.

உடன் வேலை செய்பவராக இருந்தால் உங்கள் பங்கு பெரியது, செலவு குறைவு. பேச்சு இடைமறிக்கப்படும்போது "அவங்க முடிக்கட்டும்" என்று ஒரு வரி. யோசனை கைமாறும்போது "இதைத்தான் முன்னாடியே அவங்க சொன்னாங்க" என்று ஒரு வரி. அசிங்கமான நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருப்பது. பாதிக்கப்பட்டவரே பேசினால் அவர் 'பிரச்சினை பண்ணுபவர்' ஆகிவிடுகிறார். அதையே நீங்கள் சொன்னால் அந்தப் பெயர் ஒட்டுவதில்லை.

ஆட்களை நிர்வகிப்பவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். நேர்முகத் தேர்வில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்பே எழுதிவைத்த மதிப்பெண் முறை. மினிட்ஸ் எழுதும் வேலை சுழற்சியில். அப்ரைசலில் "குணம்" பற்றி எழுதும் முன், இதே நடத்தைக்கு டீமில் உள்ள ஆணுக்கும் இப்படி எழுதியிருக்கிறேனா என்று பழைய கோப்புகளைத் திறந்து பார்ப்பது. சம்பளத்தை ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்வது. "எங்கள் டீமில் புகாரே இல்லை" என்று நிம்மதி அடைவதற்கு முன், கடந்த இரண்டு ஆண்டுகளில் விலகிய பெண்கள் யார், போகும்போது சொன்ன காரணம் என்ன, ஆறு மாதம் கழித்து வேறொருவரிடம் சொன்ன காரணம் என்ன என்று விசாரிப்பது.

புதிதாக வேலைக்குச் சேரப் போகிறவர்கள், நேர்முகத் தேர்வின் கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று அவர்கள் கேட்கும்போது சும்மா இருக்காதீர்கள். இந்த டீமில் எத்தனை பெண்கள், அவர்களில் சீனியர் யார், மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியவர்கள் இப்போது என்ன பொறுப்பில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அங்கே வேலை பார்த்து விலகிய ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்து, தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள்.